மூன்று ஆண்களின் வேலை, இரண்டு பெண்களின் கை: வெண்ணாற்றங்கரை வீடு ஒன்றில் நோயாளி லிஃப்ட் தேர்ந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

ஐப்பசி முதல் வாரம், நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஓர் ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் பள்ளி ஆசிரியை. "மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகிறது சார். ஆனால் இப்போது அத்தையைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறேன். நேற்றிலிருந்து இடுப்பை அசைக்க முடியவில்லை" என்றார்.

நான் வீடுகளுக்குச் சென்று சிகிச்சை தரும் இயன்முறை மருத்துவன். படுத்திருப்பவருக்காகத்தான் பெரும்பாலும் அழைப்பார்கள். பார்த்துக்கொள்பவருக்காக அழைத்தது இதுதான் முதல் முறை. அந்த அழைப்பே இந்த ஆய்வின் சாரத்தைச் சொல்லிவிட்டது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. நோயாளி லிஃப்ட் என்பது எழ முடியாதவரைத் துணியில் தாங்கித் தூக்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் கருவி. அதைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் நோயாளியை அளக்கிறோம், வாசற்கதவை அளக்கிறோம். தூக்கப்போகிற கைகளை அளப்பதில்லை. குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

வீட்டில் கண்டது

பெரியவருக்கு வயது 63, விவசாயி. மூளையின் வலப்பக்க இரத்தக்குழாய் அடைபட்டு இடது கையும் காலும் செயலிழந்திருந்தன. பேச்சு தெளிவாக இருந்தது, சொன்னது புரிந்தது. ஆனால் உடலின் இடப்பக்கம் என ஒன்று இருப்பதையே அவர் மூளை கவனிக்க மறந்திருந்தது. தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டு முடித்துக் கையை எடுத்துவிடுவார். உட்கார வைத்தால், நல்ல வலக்கையால் தன்னைத்தானே இடப்பக்கம் தள்ளிக்கொண்டு சாய்வார். நிமிர்த்த முயன்றால் இன்னும் பலமாகத் தள்ளுவார். வலப்பக்க மூளைப் பாதிப்பில் பலரிடம் இதைப் பார்க்கலாம். விழுந்துகொண்டிருப்பதாகவே அவருக்குத் தோன்றாது, நேராக இருப்பதாகவே நம்புவார். இடது தோள்மூட்டு இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி வந்த வினை.

எடை 82 கிலோ. மருத்துவமனைப் பரிசோதனைக்குப் போய்த் திரும்பும் வழியில் அரிசி ஆலை எடைமேடையில் சக்கர நாற்காலியோடு ஏற்றி, நாற்காலியின் 18 கிலோவைக் கழித்துக் கண்ட கணக்கு இது. லிஃப்ட் வாங்க நினைப்பவர்கள் இந்த ஒரு வேலையைக் கட்டாயம் செய்ய வேண்டும். "எண்பது இருக்கும்", "தொண்ணூறு இருக்கும்" என்ற ஊகத்தில் தூளியின் (லிஃப்டில் ஆளைத் தாங்கும் துணியின்) அளவும் தவறும், கருவியின் தாங்கு திறனும் தவறும்.

அவருடைய மனைவிக்கு வயது 57, எடை 48 கிலோ. வலத்தோளில் ஏற்கெனவே இறுக்கம், கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியாது. மகன் சிங்கப்பூரில். மருமகள் காலை எட்டரைக்குப் பள்ளிக்குப் போனால் மாலை ஐந்துக்குத் திரும்புவார். உதவிக்கு ஓர் அம்மாள் காலையில் மூன்று மணி நேரம் வந்து போவார்.

அதுவரை நடந்தது இதுதான். காலையில் பக்கத்து வீட்டுத் தம்பிகள் இருவரும் வயலில் வேலை செய்யும் ஒருவரும் வந்து பெரியவரைத் தூக்கி நாற்காலியில் வைப்பார்கள். மாலையில் வந்து திரும்பப் படுக்க வைப்பார்கள். நாளுக்கு இரண்டே இடமாற்றம். மற்ற நேரமெல்லாம் படுக்கை அல்லது ஒரே நாற்காலி. வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் இருந்தது. படுக்கைப் புண்ணின் முதல் நிலை அது.

நடவு தொடங்கியதும் அந்த மூவரும் விடியுமுன் நாற்றுப் பறிக்கப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அதுவரை ஒரு நாள் தவறாமல் வந்தவர்கள். நடவும் அறுப்பும் வந்தால் டெல்டாவில் எந்த வீட்டுக்கும் ஆள் கிடைக்காது. பெரியவர் ஈரத்திலேயே கிடக்கிறாரே என்று பொறுக்காமல், மனைவியும் உதவிக்கு வரும் அம்மாளும் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள். அன்று பிடித்ததுதான் இடுப்பு.

கணக்கு

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ், 2007இல் ஒரு வரம்பை முன்வைத்தார். எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும், நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் ஏற்கும் சுமை 35 பவுண்டைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் ஏறக்குறைய 16 கிலோ. பெட்டி தூக்குவதற்கான வரம்பைவிட இது குறைவு. பெட்டிக்குக் கைப்பிடி உண்டு, பெட்டி திமிறாது, பெட்டி நடுவழியில் சாயாது.

அப்படியானால் 82 கிலோவுக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டும். அந்த மூன்று ஆண்களே ஆளுக்கு 27 கிலோ தூக்கியிருக்கிறார்கள். செயலிழந்த ஒரு காலின் எடை மட்டுமே 13 கிலோவை ஒட்டி வரும். இரண்டு பெண்கள் தூக்கியது ஆளுக்கு 41 கிலோ.

பெரியவர் அந்தக் கணக்கைத் தன் வழியில் போட்டார். "கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு நாற்பது கிலோ. நான் இரண்டு மூட்டை" என்றார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். பெரியவர் அப்படித் தன்னைச் சொல்லிக்கொள்ளும் நிலையை மாற்றுவதும் என் சிகிச்சைக் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும் என்று அன்றே எழுதிக்கொண்டேன்.

ஏற்கெனவே வாங்கியிருந்த நாற்காலி

நான் போவதற்கு முன்பே வீட்டில் ஓர் இடமாற்ற நாற்காலி இருந்தது. இருக்கை பின்பக்கமாக இரண்டாகப் பிரியும், கைப்பிடியைச் சுழற்றினால் உயரும், கீழே கமோடு பாத்திரம் வைக்கலாம். கடையில் "தூக்கவே வேண்டாம், சுற்றிவளைத்து மூடினால் போதும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பொய்யில்லை. கால் வலுவிழந்தாலும் முதுகு நிமிர்ந்து உட்காரக்கூடியவர்களுக்கு அது அருமையான கருவி, விலையும் குறைவு. நானே பல வீடுகளுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன்.

இவருக்கு அது பொருந்தாது. இருக்கை இரண்டாகப் பிரிந்து அவரைச் சுற்றி வந்து மூடும்வரை அவர் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தன்னைத்தானே இடப்பக்கம் தள்ளிக்கொள்பவரால் பத்து விநாடிகூட அது முடியாது. ஒருமுறை பாதி மூடிய நிலையில் சாய்ந்து, இடது கை கம்பிக்கும் இருக்கைக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தை உணராதவர் ஆதலால் அவர் கத்தவும் இல்லை. மாலையில் வீக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

உட்கார்ந்த நிலையிலிருந்து எழுப்பி நிறுத்தும் லிஃப்டையும் அதே காரணத்தால் ஒதுக்கினேன். ஒரு காலாவது எடையைத் தாங்க வேண்டும், ஒரு கையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், முதுகு ஒத்துழைக்க வேண்டும். முதலிரண்டும் அவரிடம் ஓரளவு இருந்தன, மூன்றாவது இல்லை. தவிர, அதன் பட்டை முதுகைச் சுற்றி அக்குளுக்கு அடியில் ஏறி இழுக்கும். இறங்கிய தோளுக்கு அது நஞ்சு.

ஊஞ்சல் வளையம்

பெரியவரின் தம்பி ஒரு யோசனை சொன்னார். அந்த வீட்டுக் கூடத்தில் தேக்கு உத்தரத்தில் பழைய ஊஞ்சல் வளையங்கள் இருக்கின்றன. "நாலு பேர் உட்கார்ந்து ஆடிய ஊஞ்சல். அண்ணன் ஒருவரைத் தாங்காதா? செயின் பிளாக் ஒன்று மாட்டிவிட்டால் போதாதா?"

இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. மேற்கூரையில் தண்டவாளம் பதித்து ஓடும் லிஃப்ட் என்பது உலகெங்கும் இருக்கும் முறைதான். தரையில் இடத்தை அடைக்காது, தள்ளவும் இலகு. புதிதாகக் கட்டும் முதியோர் இல்லங்களில் கான்கிரீட் தளத்தைத் தொடக்கத்திலேயே அதற்கேற்ப அமைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை என்பேன்.

ஆனால் செயின் பிளாக் சரக்குத் தூக்குவதற்கானது. மனிதரைத் தூக்கும் கருவிக்கு வேண்டிய அவசர இறக்கமோ, மெதுவாக ஏறி இறங்கும் தன்மையோ அதில் இல்லை. அடுத்து உத்தரம். தச்சரை அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னோம். நடுவில் கணீரென்று ஒலித்த மரம் சுவருக்குள் போகும் முனையில் மந்தமாக ஒலித்தது. உளியை வைத்து லேசாகத் தட்டியதும் கறையான் மண் உதிர்ந்தது. ஊஞ்சலை ஏன் கழற்றினார்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஒருவேளை பெரியவரின் அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம்.

இரண்டு பக்கமும் கால் வைத்துக் கட்டிலுக்கு மேல் நிற்கும் பந்தல் வகையையும் யோசித்தோம். பாரத்தைத் தரையே தாங்கும். ஆனால் அந்த அறையின் அலமாரியும் சன்னலும் அதற்கு இடம் விடவில்லை.

எஞ்சியது, தரையில் சக்கரத்தில் நகரும் லிஃப்ட். கீழே விரியும் இரண்டு கால்கள், மேலே தூளியை மாட்டும் தூக்குக் கை. அமெரிக்காவில் தானே கழுத்துக்குக் கீழ் செயலிழந்த டெட் ஹோயர் உருவாக்கியதால் அந்த வகைக்கு இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. பயன்படுத்தப்போகிறவரே வடிவமைத்த கருவி என்பதை இந்தக் குடும்பத்துக்குச் சொன்னபோது பெரியவர் முதல்முறையாக அக்கறையோடு கேட்டார். "அவர் எத்தனை கிலோ?" என்றும் விசாரித்தார்.

கைப்பம்பா, பேட்டரியா

இங்கேதான் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. கையால் பம்பு அடிக்கும் ஹைட்ராலிக் வகை விலை குறைவு, மின்சாரம் வேண்டாம். மருமகள் அதற்கே ஆதரவு. அவர் பிறந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு அங்கே வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தென்னைகள் சாய்ந்துகிடந்த தெருவில், கைபேசியில் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் தேடி அலைந்ததை அவர் மறக்கவில்லை. "மாமா அந்தரத்தில் தொங்கும்போது மின்சாரம் போனால் என்ன செய்வோம்?" என்று கேட்டார். இந்த மாவட்டங்களில் லிஃப்ட் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு விடை உண்டு. பேட்டரி லிஃப்ட் சுவர் மின்சாரத்தில் ஓடுவதில்லை, தன் பேட்டரியில்தான் ஓடும். மின்சாரம் போனாலும் அந்த நேரத்துத் தூக்கல் நிற்காது. பேட்டரியே தீர்ந்துவிட்டாலும் கையால் இறக்கும் அவசர ஏற்பாடு மோட்டார்த் தண்டிலேயே இருக்கும். கடையில் கருவியைப் பார்க்கும்போதே, ஓர் ஆளை ஏற்றி, அந்த அவசர இறக்கத்தை நம் கண்முன் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் காட்டியவருக்கே அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அரை மணி நேரம் காத்திருந்து, தெரிந்த ஒருவரை வரவழைத்துப் பார்த்தோம்.

ஆனாலும் முடிவைத் தீர்மானித்தது அத்தையின் தோள்தான். கைப்பம்பு வகையை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து வந்தோம். 82 கிலோவோடு பம்பு அடிக்க அடிக்க ஒவ்வோர் அடிக்கும் அவர் உடல் முன்னே போய்ப் பின்னே வந்தது. மூன்றாம் நாள் தோள்வலி கூடிவிட்டது. அதைவிட முக்கியம், பம்பு அடிப்பவர் லிஃப்டின் பின்னால் நிற்க வேண்டும். நோயாளியின் முகம் அவருக்குத் தெரியாது, கை எட்டாது. ரிமோட் என்றால் அவர் பக்கத்திலேயே நின்று, ஒரு கையை அவர் முழங்காலில் வைத்துக்கொண்டே ஏற்றலாம். இடப்பக்கத்தை மறந்த மனிதருக்கு அந்த ஒரு கைதான் தைரியம். பேட்டரி வகையையே எடுத்தோம், உபரியாக ஒரு பேட்டரியும். ஒன்று லிஃப்டில் இருக்கும்போது மற்றொன்று சார்ஜில் இருக்கும்.

நான் அளக்க மறந்தது

கதவுகளை அளந்தேன். அறைக்கதவு 84 சென்டிமீட்டர், தாராளம். கொல்லைப்பக்கக் குளியலறைக் கதவு 60 சென்டிமீட்டர்தான். கால்களை மடக்கினாலும் லிஃப்டின் அகலம் 66. ஆகவே லிஃப்ட் குளியலறைக்குள் போகாது. போகவும் வேண்டாம் என்று சொன்னேன். அங்கே தரை நீர் வடியச் சரிவாக இருக்கிறது. ஆளைத் தொங்கவிட்ட லிஃப்டைச் சரிவில் நிறுத்துவது ஆபத்து. 55 சென்டிமீட்டர் அகலமுள்ள சக்கரக் கமோடு நாற்காலி ஒன்றை எடுத்தோம். அறையிலேயே லிஃப்டால் அதில் இறக்கி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவது.

வழியில் நிலைப்படி. பழைய வீடுகளில் அதைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது. உயரம் 9 சென்டிமீட்டர். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு வேண்டுமானால் பலகை 108 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். தச்சர் இருபுறமும் அப்படிப் பலகை செய்து கொடுத்தார். நிலைப்படியை வெட்டிவிடலாம் என்று தம்பி சொன்னதை அத்தை ஏற்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டுவந்த படி. பலகை போதுமானதாக இருக்கும்போது வெட்டவேண்டிய தேவையும் இல்லை.

இத்தனையும் அளந்த நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. லிஃப்ட் வந்த அன்று அதன் கால்களைக் கட்டிலுக்கு அடியில் நுழைக்கப் போனால் இடித்து நின்றது. கால்களுக்கு 12 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்தத் தேக்குக் கட்டிலின் பக்கப்பலகை தரையிலிருந்து 8 சென்டிமீட்டரில் இருந்தது. கால்கள் அடியில் போகாவிட்டால் தூக்குக் கை நோயாளிக்கு நேர் மேலே வராது. எட்டி இழுத்தால் லிஃப்ட் கவிழும். வண்டியிலிருந்து இறக்கிய லிஃப்ட் அன்று முழுதும் ரேழியில் நின்றது, பெரியவர் இன்னொரு நாள் ஈரத்தில் கிடந்தார். இது என் தவறு. நடுவில் குழித்த மரக்கட்டைகளைக் கட்டில் கால்களுக்கு அடியில் கொடுத்து 6 சென்டிமீட்டர் உயர்த்திய பிறகே வேலை தொடங்கியது. சேமிப்புப் பெட்டி வைத்த கட்டில்கள் பல வீடுகளில் தரையோடு ஒட்டியே இருக்கின்றன. அவற்றில் இந்தத் தீர்வுகூடப் பலிக்காது. கட்டிலையே மாற்ற வேண்டியிருக்கும்.

தூளி

கடையில் ஸ்லிங் என்பார்கள். அத்தை பார்த்ததும் தூளி என்றார், வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. லிஃப்டைவிடத் தூளியைத் தேர்ந்தெடுப்பதே கடினம் என்பது என் அனுபவம். விழும் ஆபத்தும் பெரும்பாலும் தூளியில்தான் இருக்கிறது.

லிஃப்டோடு வந்தது தோள்வரை மட்டும் வரும் தூளி. முதல் நாள் இரண்டு அங்குலம் ஏற்றியதும் தலை இடப்பக்கம் தொங்கியது, இடுப்பு நழுவத் தொடங்கியது. உடனே இறக்கிவிட்டோம். வால் எலும்பிலிருந்து உச்சந்தலை வரை நீளம், தொடையைச் சுற்றிய அளவு, தோள் அகலம் மூன்றையும் அளந்து, தலைவரை தாங்கும், தொடைகளுக்கு நடுவே பட்டைகள் குறுக்காகப் போகும் வகையை வரவழைத்தோம். தோள்ப் பட்டையில் நீண்ட வளையத்தையும் கால் பட்டையில் குட்டை வளையத்தையும் மாட்டினால் சாய்ந்து படுத்த நிலை கிடைக்கும். நேர்மாறாக மாட்டினால் நிமிர்வார். தொடக்கத்தில் சாய்வாகவே வைத்தோம். இடமும் வலமும் ஒரே நிற வளையமாக இருக்க வேண்டும் என்பதை மருமகள் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். மலம் கழிக்க வசதியாக இடுப்பில் பெரிய திறப்பு வைத்த தூளியையும் கடையில் காட்டினார்கள். கைகளை வெளியே வைத்து, முதுகை நிமிர்த்தித் தாங்கத் தெரிந்தவருக்கு மட்டும் உரியது அது. இவர் நழுவி விழுந்திருப்பார்.

குளிக்க வலைத்துணித் தூளி இன்னொன்று. நம் வெக்கையில் பஞ்சு வைத்த தூளியை உட்கார்ந்த பின்னும் அடியிலேயே விட்டுவைத்தால் வியர்வையும் மடிப்பும் சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். உட்கார வைத்ததும் உருவி எடுக்க வேண்டும்.

துவைப்பதைப் பற்றி எந்தக் கடையும் சொல்வதில்லை. இரண்டாம் வாரம் போனபோது உதவிக்கு வரும் அம்மாள் தூளியை ஆற்றுப் படித்துறைக் கல்லில் ஓங்கி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறைதான். தூளியின் உயிர் அதன் தையலில் இருக்கிறது. கல்லில் அடித்தால் நூல் நைந்துபோகும், பிளீச்சிங் போட்டால் இழை பலமிழக்கும், நாள் முழுக்க உச்சிவெயிலில் காய்ந்தால் துணியே இற்றுப்போகும். மிதமான சோப்பில் கசக்கி, தாழ்வாரத்து நிழலில் உலர்த்தச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் தூக்குமுன் நான்கு வளையத் தையலையும் விரலால் தடவிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அளவும் எடைவரம்பும் எழுதிய துணிச்சீட்டு அழிந்துபோனால் அந்தத் தூளியைக் கழித்துவிட வேண்டும். லிஃப்டில் 150 கிலோ என்று எழுதியிருந்தாலும் தூளியில் குறைவாக இருந்தால் குறைந்ததே கணக்கு.

பழகியது

நோயாளியை ஏற்றுமுன் மூன்று பெண்களும் தூளியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றேன். மருமகள் உடனே உட்கார்ந்தார். உதவிக்கு வரும் அம்மாளும் தயங்கவில்லை. அத்தை மட்டும் இரண்டு நாள் மறுத்து, மூன்றாம் நாள் கண்களை மூடிக்கொண்டு ஏறினார். இறங்கியதும் அவர் சொன்னது: "கால் தரையை விடும்போது வயிற்றைக் கலக்குகிறது தம்பி. அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தூக்க வேண்டும்." அன்றிலிருந்து "தூக்கப்போகிறோம்" என்று சொல்லி, அவர் "சரி" என்ற பிறகே பொத்தானை அழுத்துகிறார்கள். எந்தக் கையேட்டிலிருந்து படித்துச் சொல்லியிருந்தாலும் இது இவ்வளவு பதிந்திருக்காது.

அவர்களுக்கு வியப்பளித்தது பிரேக்தான். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட வேண்டும். லிஃப்டின் பிரேக்கைத் தூக்கும்போது போடக் கூடாது என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. எடை ஏறும்போது லிஃப்ட் தானே சற்று நகர்ந்து நடுவுக்கு வர வேண்டும். பூட்டிவைத்தால் ஆள் ஊசலாடுவார். கால்களை விரித்து வைப்பது, இரண்டு அங்குலம் ஏற்றி நிறுத்தி வளையங்களைச் சரிபார்ப்பது, தேவைக்கு மேல் உயர்த்தாமல் நகர்த்துவது, அறையைவிட்டு வெளியே லிஃப்டில் கொண்டுபோகாமல் இருப்பது. ஒரு வாரத்தில் கைவந்தது.

எத்தனை பேர் வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பெரும்பாலான லிஃப்ட்களுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் தேவை என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். கடையில் "ஒரே ஆள் போதும்" என்று சொல்லியிருந்தார்கள். தன்னைத்தானே தள்ளிக்கொள்ளும் நோயாளிக்கு ஒருவர் ரிமோட்டையும், மற்றொருவர் உடலையும் பார்த்தே ஆக வேண்டும். பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை அத்தை தனியாக இருக்கிறார். லிஃப்ட் வாங்கிவிட்டதாலேயே அந்த இடைவெளி நிரம்பாது. மூன்று ஆண்களின் வேலையை இரண்டு பெண்களால் செய்ய முடியும்படி மாற்றித்தர அதனால் முடியும், அவ்வளவுதான்.

ஆகவே உதவிக்கு வரும் அம்மாளின் நேரத்தைப் பிரித்தோம். காலை ஆறரை முதல் எட்டரை, பகல் பன்னிரண்டரைக்கு அரை மணி நேரம், மாலை நாலரைக்கு அரை மணி நேரம். மொத்தம் அதே மூன்று மணி. நடையாக இரண்டு முறை கூடுதலாக வருவதற்கு ஊதியத்தை உயர்த்தினார்கள். காலையில் கமோடு, குளியல், நாற்காலி. பகலில் படுக்கை. மாலையில் மறுபடி நாற்காலி, திண்ணை. இரவு மருமகளோடு படுக்கை. நாளுக்கு ஐந்தாறு இடமாற்றம். நடுவில் அத்தை தனியாக இருக்கும்போது திருப்பிப் படுக்கவைக்க மட்டும் வழுக்குத்துணி. மெத்தைக்கும் அவருக்கும் நடுவே அதை விரித்து உருட்டினால் 48 கிலோ உடலால் 82 கிலோ உடலைத் திருப்ப முடிகிறது, தோலும் உரசாது.

அதன் பிறகு

மூன்று வாரத்தில் வால் எலும்புச் சிவப்பு மறைந்தது. அத்தையின் இடுப்பு வலி குறைய ஆறு வாரம் ஆனது. தோள் இறுக்கத்துக்குத் தனியாகப் பயிற்சி தொடர்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் செவிலியர் இப்போது அத்தையின் இரத்த அழுத்தத்தையும் சேர்த்தே பார்க்கிறார்.

கார்த்திகையில் ஒரு புயல் மழை இரவு. சார்ஜரின் சுவிட்சை யாரோ அணைத்திருந்தார்கள். உபரி பேட்டரியும் காலி. பெரியவர் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே அந்தரத்தில் இருந்தபோது மோட்டார் நின்றது. மருமகள் பதறாமல் அவரைக் கட்டிலுக்கு நேரே தள்ளி, அவசர இறக்கத்தால் இறக்கினார். அந்தப் பயிற்சியை மாதம் ஒருமுறை செய்து பார்த்திருந்தார்கள். சார்ஜர் இப்போது இன்வெர்ட்டர் இணைப்பில், சுவிட்சின் மேல் ஒட்டுநாடாவோடு இருக்கிறது.

பொங்கலன்று பெரியவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி ஏதும் இல்லை என்று பார்த்த பிறகு, தரையிலிருந்தே லிஃப்டால் எடுத்தார்கள். வாங்கும்போது தூக்குக் கை எவ்வளவு தாழ்வாக இறங்கும் என்று நாங்கள் கேட்டு வாங்கியது அன்று பயன்பட்டது. பல வகைகள் கட்டில் உயரத்துக்குக் கீழே இறங்குவதில்லை.

மாசி அறுப்பு முடிந்த காலத்தில் அவர் ஆதரவின்றி ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். தள்ளுவது வெகுவாகக் குறைந்திருந்தது. தள்ளிவைத்திருந்த அந்தப் பிரியும் நாற்காலியை அப்போது எடுத்தோம். இப்போது பகல் இடமாற்றத்துக்கு அதுவே போதுகிறது. முன்பு தவறாக இருந்த கருவி இப்போது சரியாகிவிட்டது, மாறியது அவருடைய முதுகு. காலையிலும் இரவிலும் உடல் தளர்ந்திருக்கும் நேரத்துக்கு லிஃப்ட் தொடர்கிறது. நோயாளி லிஃப்ட்களுக்கான ஐ.எஸ்.ஓ. 10535 தரநிலை, குறிப்பிட்ட கால இடைவெளியில் கருவியை ஆய்வு செய்யச் சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை என்று நாள்காட்டியில் ஆனி மாதத்தில் குறித்துவைத்திருக்கிறோம். மேட்டூரில் தண்ணீர் திறப்பதை ஒட்டிய நேரம் என்பதால் மறக்காது என்று பெரியவரே தேர்ந்த மாதம் அது. மூட்டைக் கணக்கை அவர் இப்போது சொல்வதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, எந்த வயலுக்கு எந்த விதை என்று தம்பியோடு வாதாடுகிறார்.

சென்ற வாரம் அதே தெருவில் இன்னொரு வீட்டிலிருந்து, இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்காக இந்த லிஃப்டைப் பகலில் இரவல் கேட்டார்கள். அத்தைக்குக் கொடுக்க முழு மனம். பாட்டியின் எடை 41 கிலோ. பெரியவரின் தூளியில் உட்காரவைத்தால் தொடைகளுக்கு நடுவே நழுவிவிடுவார். முறிந்த இடுப்பை எந்த அளவு மடக்கலாம் என்று அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடமும் கேட்க வேண்டும். அந்த வீட்டுக் கட்டிலின் அடிப்பக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு வயது என்ன, பகலில் உடன் யார் இருப்பார்கள் என்பதும் தெரியாது. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு நாளைக் காலை போகிறேன். அதுவரை லிஃப்டைக் கொடுக்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.